தட்டினால் திறக்காத கதவு

பிள்ளைகளே, துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் பயந்துவிட வேண்டாம். நான் சொல்லப்போகும் கதையில் ஒரு துப்பாக்கியும் வெடிக்காது. ஒரு கதவு வரும். அதைத் திறப்பதா விடுவதா என்று என் அம்மா பட்ட பாடு வரும். அவ்வளவுதான்.

உங்கள் பள்ளிக்கூடத்திலும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, மூலையில் சத்தமில்லாமல் இருக்கப் பழக்குகிறார்கள். வீட்டுக்கு வந்து, "இண்டைக்கு ஒளிச்சிருந்தனாங்கள்" என்று பிஸ்கட் தின்றபடியே சொல்கிறீர்கள். மழை பெய்தது என்று சொல்வது போலச் சொல்கிறீர்கள். என் வயதுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு அது புதுப் பழக்கம். என் தாடியில் வெள்ளை விழத் தொடங்கிவிட்டது, ஆனாலும் அந்தப் பழக்கம் வந்த குளிர்காலம் மட்டும் அப்படியே நினைவில் நிற்கிறது.

அப்போது நாங்கள் பிரெஞ்சு பேசும் நகரம் ஒன்றின் கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில், செங்கல் கட்டடம் ஒன்றில் மூன்றாம் மாடியில் இருந்தோம். சுவரோரம் இரும்புச் சூடாக்கி இருந்தது. குளிர் கூடினால் அதன் குழாய் டக் டக் என்று தட்டும். நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் குழாய் தட்டும்போதெல்லாம் அம்மா ஓடிப்போய் வாசல் கதவைத் திறப்பார். வெளியே யாரும் இருக்க மாட்டார்கள். அப்பாவும் நானும் விழுந்து விழுந்து சிரிப்போம். அம்மாவும் சிரிப்பார். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

அப்பா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை. அம்மா முதலில் தையல் தொழிற்சாலையில் இருந்தார். நாள் முழுக்கக் கோட்டுகளுக்குக் கை பொருத்துவது. பக்கத்தில் இருப்பவரோடு ஒரு சொல் கதைக்க முடியாத இரைச்சல். பிறகு என் பள்ளிக்கூடத்திலேயே மத்தியானம் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை கிடைத்தது. நிரந்தரம் இல்லை, பார்த்துவிட்டு வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அந்த வேலை கிடைத்த நாளில் அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிக்கொண்டு போனது எனக்கு நினைவிருக்கிறது.

சாப்பாட்டு அறை நிலக்கீழ் மாடியில் இருந்தது. ஒரு பக்கம் மைக்ரோவேவ் அடுப்புகள் வரிசையாக. பொரித்த வாழைக்காய், பாலாடைக்கட்டி மக்கரோனி, யாரோ கொண்டுவந்த மீன், எல்லா வாசமும் ஒன்றாகிப் போயிருக்கும். அதற்குள் ஈரக் காலுறையின் வாடையும், பனி உருகத் தெருவுக்குப் போடும் உப்பு பூத்த சப்பாத்துகளும். அம்மா செம்மஞ்சள் மேற்சட்டை போட்டு, கழுத்தில் விசில் தொங்க நடுவில் நிற்பார். மேற்சட்டை அவருக்குப் பெரிது, தோளில் நிற்காது. விசிலை அவர் ஊதி நான் கேட்டதில்லை. கையைத் தூக்கினாலே பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். அந்த விசில் வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது. இருந்திருந்தால் உங்களிடம் தந்திருப்பேன், நீங்கள் ஊதியிருப்பீர்கள்.

பள்ளிக்கூடத்தில் நான் அவரை அம்மா என்று கூப்பிடக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். எல்லோரையும் போல நானும் "மதாம்" என்றுதான் கூப்பிட வேண்டும். "மதாம், என் சாப்பாடு சூடாகவில்லை" என்று நான் பிரெஞ்சில் சொன்னால், அவர் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, குனிந்து காதுக்குள், "வீட்டை வா, மதாம் தாறன் உனக்கு" என்பார்.

அந்த இலையுதிர்காலத்தில் நகரத்தின் கல்லூரி ஒன்றுக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அது வேறு வீடுகளின் துயரம். அதற்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடத்திலும் அப்பாவின் ஆஸ்பத்திரியிலும் பயிற்சிகள் தொடங்கின என்பதை மட்டும் சொல்கிறேன்.

அப்பாவுக்கு முதலில் நடந்தது. படம் போட்டுக் காட்டினார்களாம். அன்று மாலை முழுவதும் அவர்தான் வீட்டில் நிபுணர்.

"முதல் ஓடோணும். ஓட ஏலாட்டி ஒளிக்கோணும். கைத்தொலைபேசிச் சத்தத்தை நிப்பாட்டிப் போடோணும்" என்றார் தேநீரை ஆற்றியபடி.

"உங்களுக்கு ஓட ஏலுமே? முழங்கால் நோகுதெண்டு குப்பை வாளியே நான்தானே கீழை கொண்டுபோறன்" என்றார் அம்மா.

பிறகு எங்கள் முறை வந்தது. பொலிஸ்காரர் ஒருவர் வந்து வேலைசெய்பவர்களுக்கு விளக்கிச் சொன்னார். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததும் கதவைப் பூட்ட வேண்டும். கதவின் கண்ணாடியைக் கறுப்புக் கடதாசியால் மறைக்க வேண்டும். விளக்கை அணைத்து, பிள்ளைகளைக் கதவிலிருந்து தெரியாத மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். யார் தட்டினாலும், என்ன சொன்னாலும் திறக்கக் கூடாது. முடிந்ததும் பள்ளிக்கூடத்து அதிபரே தன் சாவியால் திறந்து வருவார். அம்மா அதை வீட்டில் வந்து எங்களுக்கு ஒன்றும் விடாமல் சொன்னார்.

பயிற்சி நாளன்று சாப்பாட்டு அறையில் எல்லாம் சரியாகத்தான் போனது. அம்மா பூட்டினார், மறைத்தார், அணைத்தார். நாங்கள் கோட்டுகள் தொங்கும் மூலையில் குந்தியிருந்தோம். ஈரக் கம்பளி மூக்கில் உரசியது. யாரோ ஒருவனுக்கு வயிறு இரைந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டோம். நடைபாதையில் சப்பாத்துச் சத்தம் வந்தது. கைப்பிடியை யாரோ அசைத்துப் பார்த்தார்கள். பிறகு ஓங்கித் தட்டினார்கள்.

"பொலிஸ். கதவைத் திறங்கள்."

அம்மா எழுந்தார். இருட்டில் எங்கள் பக்கம் திரும்பி, எழுந்து தன் பின்னால் வரச்சொல்லிக் கைகாட்டினார். அவர் கை சொன்னால் எங்களுக்குச் சட்டம், எழுந்துவிட்டோம். விளக்கைப் போட்டார். கதவை அகலத் திறந்தார். கழுத்தில் தொங்கிய வேலை அட்டையைக் கழற்றி வலது கையில் நீட்டிப் பிடித்து, இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

பொலிஸ்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சோதிப்பதற்காகத்தான் தட்டினார். யாராவது திறப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"மதாம், நீங்கள் திறந்திருக்கக் கூடாது" என்றார்.

அம்மா, "உய், உய்" என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டுத் தலையாட்டினார். கைகள் இறங்கவில்லை. அந்த மனிதர் ஓரடி பின்னால் போன பிறகுதான் இறங்கின.

சாப்பிட உட்கார்ந்ததும், ஹெய்ட்டி நாட்டுக்கார என் நண்பன் சொன்னான்: "உன் அம்மா எங்கள் எல்லோரையும் சாகக் கொடுத்துவிட்டார், தெரியுமா? பரவாயில்லை. கணிதச் சோதனைக்கு முதலே செத்துவிட்டோம்." மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். என் சோற்றை அப்படியே மூடிவைத்தேன்.

பின்னேரம் அதிபர் அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். உயரமான பெண். கெட்டவர் இல்லை. பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் தெரிந்து வைத்திருந்தவர். அம்மாவோடு பேசும்போது மட்டும், காது கேளாதவரோடு பேசுவது போல, ஒவ்வொரு சொல்லாக, உரத்துப் பேசுவார். பேசிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் தமிழில் சொல்ல வேண்டும்.

"பயிற்சியில் சொன்னது அம்மாவுக்கு விளங்கியதா என்று கேள்."

"அம்மா, சொன்னது விளங்கினதோ எண்டு கேக்கிறா."

"விளங்கினது எண்டு சொல்லு."

அதிபர் பெருமூச்சு விட்டார். விளங்கியிருந்தால் ஏன் திறக்க வேண்டும்? பிரெஞ்சு போதாது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். படங்கள் போட்ட தாள் ஒன்றைத் தந்தார். பூட்டு, விளக்கு, வாயில் விரல் வைத்த பிள்ளை. நத்தார் பண்டிகை விடுமுறைக்குப் பிறகு இன்னொரு பயிற்சி வரும். அதுவரை அம்மாவோடு வேறொருவரும் நிற்பார். அப்போதும் இப்படி நடந்தால், சின்னப் பிள்ளைகளை அவர் பொறுப்பில் விட முடியாது. அதாவது, வேலை இல்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அம்மா அந்தப் படத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். இறங்கும் இடம் வந்ததும், "அப்பாட்டை நான் சொல்லுறன். நீ வாயைத் திறக்காதை" என்றார்.

அப்பாவும் அதிபர் போலத்தான் நினைத்தார். அந்தப் படத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பாடம் எடுத்தார். பிறகு, "சொல்லிக் காணாது, செய்து பழகோணும்" என்று தீர்மானித்தார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டில் பயிற்சி நடந்தது. அம்மாவும் நானும் உள்ளே பூட்டிக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் ஒளிவோம். பூசைக்குப் போட்ட கோட்டோடு அப்பா வெளியே நின்று தட்டுவார்.

முதல் தட்டிலேயே அம்மா திறந்துவிட்டார்.

"இஞ்சரும், நீர் இப்ப செத்துப் போனீர்" என்றார் அப்பா.

"சரி. செத்தவளிட்டைத் தேத்தண்ணி கேக்காதேங்கோ."

மறுபடி தட்டினார். இந்தத் தடவை, "ஆர்?" என்று கேட்டுவிட்டுத் திறந்தார். அடுத்த தடவை கையில் அகப்பையோடு திறந்தார். சோபாவுக்குப் பின்னால் எப்படி அகப்பை வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பா மீண்டும் மீண்டும் தட்டுவதைக் கேட்டு மேல்வீட்டு அண்ணா இறங்கி வந்தார். சென்னையிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர். கையில் அழுக்குத் துணிக் கூடை.

"என்னண்ணா, சாவிய மறந்துட்டீங்களா? இல்ல, அக்கா கோவமா இருக்காங்களா?"

"இல்லைத் தம்பி. பயிற்சி."

விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நீங்க தள்ளுங்க, உங்க தட்டு அக்காவுக்குப் பழகிப்போச்சு" என்று கூடையை வைத்துவிட்டு அவர் தட்டினார். குரலை மாற்றி, "பீட்சா வந்திருக்கு மேடம்" என்றார்.

அம்மா திறந்தார். "பாவம், குளிருக்கை நிக்கிறான் எண்டு" என்றார்.

நாங்கள் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அந்த அண்ணா கதவோரமாகவே தரையில் உட்கார்ந்து, சாதாரணமாகக் கேட்டார்: "ஏன்க்கா, தட்டினா உடனே தொறக்கணும்னு ஏன் தோணுது?"

பாருங்கள், அதுவரை அதை யாரும் அம்மாவிடம் கேட்டிருக்கவில்லை. அதிபர் கேட்கவில்லை, அப்பா கேட்கவில்லை, நான் கேட்கவில்லை.

அம்மா அகப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கடை ஊரிலை சுற்றிவளைப்பு எண்டு வரும் தம்பி. ஆமிக்காரர் வீடு வீடாத் தட்டுவாங்கள். கதவு பூட்டிக் கிடந்தா, உள்ளுக்கை ஆரோ ஒளிச்சிருக்கினம் எண்டுதான் அவங்கள் நினைப்பாங்கள். அதாலை தட்டின உடனை திறக்கோணும். விளக்கைக் கொளுத்தோணும். அடையாள அட்டையைக் கையிலை பிடிச்சு, ரெண்டு கையும் தெரியத்தக்கதா வெளியிலை வரோணும். எனக்கு இவன்ரை வயசிலை அம்மா பழக்கினவ. பக்கத்து வீட்டிலை ஒருநாள் திறக்கக் கொஞ்சம் பிந்திப்போச்சுது."

அகப்பையைத் தரையில் வைத்தார். சூடாக்கிக் குழாய் டக் டக் என்றது. அம்மாவின் தோள் சற்று எழும்பி இறங்கியதை மூவரும் பார்த்தோம். இந்த முறை எனக்கோ அப்பாவுக்கோ சிரிப்பு வரவில்லை.

அப்பா மெல்ல, "அது அங்கை. இது இஞ்சை" என்றார்.

"எனக்குத் தெரியும். என்ரை கைக்குத்தான் தெரியேல்லை" என்றார் அம்மா.

அதே மாலை அப்பா, வேலையை விட்டுவிடச் சொன்னார். தையல் தொழிற்சாலைக்கே திரும்பலாம், அங்கே ஒருவரும் கதவு தட்ட மாட்டார்கள் என்றார். அம்மா மாட்டேன் என்றார். "உந்தச் சின்னனுகளுக்கு நான் சப்பாத்துப் போட்டுவிடுறன். என்ரை பிரெஞ்சை அதுகள்தான் சிரிச்சுச் சிரிச்சுத் திருத்துதுகள். எனக்கு இந்த ஊரிலை கதைக்க ஆள் கிடைச்சது அங்கைதான். விடமாட்டன்."

அதற்குப் பிறகும் ஞாயிறுகளில் பயிற்சி நடந்தது. அப்பாவின் தட்டு மட்டும் மாறிவிட்டது. முதலில் விரல் நுனியால் தட்டுவார். சற்றுப் பொறுத்து, கொஞ்சம் பலமாகத் தட்டுவார். "நீர் செத்துப் போனீர்" என்பதையும் விட்டுவிட்டார். சில வாரங்களில் அம்மா திறக்கவில்லை. சில வாரங்களில் திறந்தார். நத்தார் வந்து போனது. நிச்சயம் என்று ஒன்றும் இல்லை.

இரண்டாம் பயிற்சி வந்த நாளில் வெளியே கண் கூசும் பனி. பாலர் வகுப்புப் பிள்ளைகளும் அன்று எங்களோடு சாப்பாட்டு அறையில் இருந்தார்கள். அறிவிப்பு வந்தது. அம்மா பூட்டினார், மறைத்தார், அணைத்தார். கூட நிற்க வேண்டியவர் கதவோரச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாலர்கள் சிலர் இருட்டுக்குச் சிணுங்கினார்கள். அம்மா நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார். சின்னவர்கள் ஆளுக்கொரு விரலைப் பிடித்துக்கொண்டார்கள். சிணுங்கல் நின்றது.

சப்பாத்துச் சத்தம். கைப்பிடி அசைந்தது. தட்டினார்கள்.

அம்மாவின் வலது கை எழுந்தது. நான் பக்கத்தில் இருந்தேன், பார்த்தேன். அது அவரைக் கேட்டு எழவில்லை. கையோடு அவர் உடம்பும் எழப்பார்த்தது. அந்தக் கையின் பெருவிரலை ஒரு சின்னப் பெண் இறுக்கிப் பிடித்திருந்தாள். கை எழவே அவளும் எழுந்தாள், அம்மா எங்கே போனாலும் போகத் தயாராக, கதவைப் பார்த்தபடி.

அம்மா அவளைப் பார்த்தார். பிறகு கையைக் கீழே கொண்டுவந்தார். அவள் மடியில் உட்கார்ந்தாள்.

மறுபடி தட்டினார்கள். "எல்லாம் முடிந்துவிட்டது மதாம், திறக்கலாம்" என்றது குரல். அம்மாவின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது, படியேறி வந்தவர் மூச்சு மாதிரி. ஒருவரும் அசையவில்லை. சப்பாத்துச் சத்தம் அடுத்த அறைக்குப் போனது.

வெகுநேரம் கழித்துப் பூட்டுக்குள் சாவி திரும்பியது. அதிபர் உள்ளே வந்து விளக்கைப் போட்டார். பின்னால் பொலிஸ்காரர். நாங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுந்தோம். அதிபரின் முகம் மலர்ந்திருந்தது.

"மிக நன்று" என்றார், ஒவ்வொரு சொல்லாக, உரத்து. பிறகு என்னைத் தேடி, "உன் அம்மாவுக்குச் சொல், இந்த முறை அவருக்கு விளங்கிவிட்டது என்று" என்றார்.

நான் முன்னால் போனேன். அம்மா என் தோளில் கைவைத்து, "நீ இரு" என்றார்.

அவர் பிரெஞ்சிலேயே பேசினார். வினைச்சொற்கள் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. நடுவில் ஒரு சொல் வராமல் நின்றபோது மடியிலிருந்து இறங்கிய சின்னவள் அதை எடுத்துக் கொடுத்தாள். "மதாம், முதல் தடவையும் எனக்கு விளங்கியது" என்று தொடங்கினார். பிறகு தன் ஊரைச் சொன்னார். தட்டினால் திறப்பதைச் சொன்னார். அட்டையையும் கைகளையும் சொன்னார். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்ததால் பக்கத்து வீட்டைச் சொல்லவில்லை.

அதிபர் நின்றபடி கேட்டார். பிறகு பாலர் நாற்காலி ஒன்றை இழுத்து, முழங்கால் நாடியில் முட்ட, அதில் உட்கார்ந்து கேட்டார். பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். "இனி நான் தட்ட மாட்டேன் மதாம். கைப்பிடியை மட்டும் பார்த்துக்கொண்டு போய்விடுவேன்" என்றார்.

அம்மா கொஞ்சம் யோசித்தார். "இல்லை, தட்டுங்கள். நான் இன்னும் பழக வேண்டும்" என்றார்.

அதிபர் சிரித்தார். ஏதோ கேட்டார், இந்தத் தடவை சாதாரணக் குரலில், சாதாரண வேகத்தில். அம்மா பதில் சொன்னார். இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது, அதிபர் எழும்பவில்லை. அம்மாதான் கையைத் தூக்கி, முதலில் பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று எங்களை மேசைக்கு அனுப்பினார்.

எனக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. போய்ச் சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டேன்.